சம்பந்தி தேடிய சதுக்கம்

உஸ்தா ஃபத்ஹுல்லாவின் வாயில் எல்லா வார்த்தையும் வரும். "தெரியாது" என்கிற வார்த்தை மட்டும் வராது. கெய்ரோவின் இம்பாபாவில் எங்கள் சந்து முனையில்தான் அவருடைய இஸ்திரிக் கடை; கைத்தொழில்காரரை நாங்கள் உஸ்தா என்றுதான் கூப்பிடுவோம். வழி தவறி எங்கள் பேட்டைக்குள் நுழைகிறவர் எவரானாலும் முதலில் அகப்படுவது அவரிடம்தான். அது அவரவர் தலையெழுத்து.

வழி கேட்டவுடனே பதில் சொல்லிவிட மாட்டார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைப்பார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு தடவை வானத்தைப் பார்ப்பார். பிறகு வலது கையை முழு நீளத்துக்கு நீட்டி, "நேரே போங்க" என்பார். "போனா ஒரு மருந்துக்கடை வரும். அங்கேருந்து இடது கைப்பக்கம். அப்புறம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க." கெய்ரோவில் எந்தத் தெருவில் போனாலும் ஒரு மருந்துக்கடை வரும் என்பதும், அதற்கப்புறம் யாரைக் கேட்டாலும் எதையாவது சொல்லுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதை அவர் ஒருவருடைய குற்றம் என்று சொல்லிவிட முடியாது. வழி கேட்டு வந்தவனைத் தெரியாது என்று சொல்லி அனுப்புவது, வீடு தேடி வந்தவனுக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்புவது மாதிரி என்றுதான் நாங்கள் எல்லோருமே வளர்ந்திருக்கிறோம். ஏதாவது ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டும். அது சரியானதாக இருக்க வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

ஒரு தடவை, துக்கம் கேட்க வந்த மனிதர் ஒருவரைக் கல்யாணப் பந்தலுக்கு அனுப்பிவிட்டார். அந்த மனிதரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நேராகப் போய், மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்து, "இறைவன் உங்களுக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டும் விட்டு வந்தார். "அன்னிக்கு அந்தப் பையனுக்குக் கெடச்ச ஒரே உருப்படியான வார்த்தை அதுதான்" என்று ஃபத்ஹுல்லாவே காபிக் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தன்னைத் தானே கேலி செய்துகொள்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. ஊரார் சட்டைக்கெல்லாம் மடிப்பு எடுத்துக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் கசங்கிய சட்டையில் திரிவதைப் பற்றி அவரைவிட யாரும் நன்றாகக் கேலி பேச முடியாது. எல்லாவற்றையும் ஒத்துக்கொள்வார், தெரியாததைத் தவிர.

இப்படிப்பட்டவருக்கு ஹிந்த் என்று ஒரே மகள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அப்பா அனுப்பிவைத்து வந்து நிற்கிற ஆட்களுக்குச் சரியான வழி சொல்வதிலேயே பாதிப் பொழுது போகிறது என்பாள். அவளை முக்தார் என்கிற பையன் கேட்டு வந்தான். சொந்த ஊர் ஸோஹாக், தெற்கே. கர்தகாவில் கடலோர ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை. எங்கள் பக்கத்துச் சந்தில் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோது தலைவலி மாத்திரை வாங்கப் போய்ப் பழக்கம். இல்லாத தலைவலிக்கு அந்தப் பையன் எத்தனை மாத்திரை வாங்கினானோ தெரியாது. கல்யாணம் ஆனால் ஹிந்த் கர்தகாவுக்குப் போய்விடுவாள்.

"பையன் எப்படி, உஸ்தா?" என்று காபிக் கடையில் கேட்டார்கள்.

"தங்கம். அந்தக் குடும்பத்தை எனக்கு அவங்க தாத்தா காலத்துலேருந்தே தெரியும்."

இதைக் கேட்டுக்கொண்டே கடைக்கு வந்த மனைவி ஸமீஹா, "அந்தத் தாத்தா பேரு என்ன?" என்றாள்.

"பேரா முக்கியம்? குணம்தான் முக்கியம்."

கர்தகா எப்படிப்பட்ட ஊர் என்று கேட்டவர்களுக்கும் அவர் குறை வைக்கவில்லை. கடலின் நிறம், காற்றின் ருசி, மீன் விலை எல்லாம் சொன்னார். அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. தனியாக இருக்கும்போது கதை வேறு. இந்தப் பையன் கோபக்காரனா, குடிகாரனா, பெண்ணை அழ வைப்பானா என்று யோசித்துக்கொண்டே ஒரு வாத்தியாருடைய சட்டைக் காலரைக் கருக்கிவிட்டார். இந்தச் சம்பந்தம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று பாதி மனசு சொன்னது. எப்படியாவது தட்டிப் போகட்டும் என்று மீதி மனசு சொன்னது. இரண்டையும் யாரிடம் சொல்வது?

முக்தாரின் அப்பா ஹாஜி அப்துர்ராழி தொலைபேசியில் பேசினார். கரும்பு விவசாயி. பேச்சே கட்டளை மாதிரிதான் இருக்கும். வார்த்தை முடியாமல் பெண் வீட்டுப் படி ஏற மாட்டாராம். ஏறின பிறகு தட்டிப்போனால் இரண்டு வீட்டுக்கும் அவமானமாம். முதலில் பொது இடத்தில் சந்திப்போம், பேசுவோம், ஒத்துவந்தால் அங்கேயே குர்ஆனின் முதல் அத்தியாயம் ஃபாத்திஹாவை ஓதி நிச்சயம் பண்ணுவோம், ஒத்துவராவிட்டால் மாலை ரயிலில் ஏறிப் போய்விடுவேன் என்றார். மூத்த மகனுக்குப் பேசின சம்பந்தத்தை, பெண் வீட்டார் தாமதமாக வந்தார்கள் என்கிற ஒரே காரணத்துக்காக முறித்துக்கொண்டு போன மனிதர் அவர். அதை முக்தாரே ஹிந்திடம் சொல்லியிருந்தான்.

"தஹ்ரீர் சதுக்கத்துக்கு வந்துருங்க ஹாஜி" என்றார் ஃபத்ஹுல்லா. "என் இஸ்திரி மேசை மாதிரி எனக்கு. கண்ணைக் கட்டி விட்டாலும் வருவேன்."

"எனக்கும் அப்படித்தான்" என்றார் ஹாஜி. "பட்டாளத்துல இருந்தப்ப கெய்ரோவை அளந்தவன் நான்."

உண்மை என்னவென்றால், ஃபத்ஹுல்லா அந்தச் சதுக்கத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது. நடுவில் வட்டமாகப் புல் இருந்தது அவருக்கு ஞாபகம். அங்கே இப்போது பெரிய கல்தூணும் ஆட்டுத்தலைச் சிங்கச் சிலைகளும் வந்துவிட்டன என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. நகரத்தின் நடு வயிற்றில் இருக்கிற இடம், ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதாலேயே போகாமல் இருந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் ஸமீஹாவும் ஹிந்தும் மெட்ரோவில் கிளம்பினார்கள். முக்தார் கர்தகாவிலிருந்து பஸ்ஸில் வந்து நேரே சதுக்கத்தில் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

"எங்க கூடவே வந்துருங்களேன்பா" என்றாள் ஹிந்த்.

"பூமிக்குள்ள போறவனுக்கு எங்க தலை நீட்டுவோம்னு என்ன நிச்சயம்? மெட்ரோவுக்கு ஆயிரம் வாசல். நான் மேலேயே வர்றேன். உங்களுக்கு முன்னாடி தூணுக்குக் கீழ நிப்பேன் பாரு."

"இந்த ஒரு நாள் மட்டும்பா. அவர் காத்திருக்க மாட்டார். தயவுபண்ணி யாரையாவது கேட்டு வாங்க."

"யாரைக் கேக்கணும்? எல்லாரும் என்னையில்ல கேக்கறாங்க!" என்றார் ஃபத்ஹுல்லா. அன்றைக்குச் சொந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். அதனால் கொஞ்சம் திமிர் கூடத்தான்.

எங்கள் ஊர் மைக்ரோபஸ்ஸில் பலகை கிடையாது. சாலையோரம் நின்று கையை ஒரு விதமாக ஆட்டினால் ஓட்டுநர் புரிந்துகொண்டு நிறுத்துவார். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சைகை. ஃபத்ஹுல்லா தன் இளமைக் காலத்துச் சைகையை எடுத்து விட்டார்: ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம். இரண்டு வண்டிகள் அவரைப் பைத்தியம் என்று நினைத்துப் போய்விட்டன. மூன்றாவது வண்டி, எதற்காக என்று தெரியவில்லை, நின்றது. கேட்காமல் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெண், "இது எங்க போகுது?" என்று கேட்டாள்.

"தஹ்ரீர் போகுதும்மா, ஏறு" என்றார் ஃபத்ஹுல்லா.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தான். "உஸ்தா, வண்டிய நீ ஓட்டுறியா, நான் ஓட்டட்டுமா? இஸ்ஆஃப் நிறுத்தத்தோட சரி. அந்தாண்ட ஒரு அடி நகராது."

"அது தெரியாதா எனக்கு? நானும் இஸ்ஆஃபுக்குத்தான் போறேன்" என்றார் ஃபத்ஹுல்லா. விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத கூட்டத்தில் அவர்தான் தலைவர்.

இஸ்ஆஃபில் இறங்கினால் நான்கு பக்கமும் சாலை. நான்கும் ஒன்று போலவே இரைந்தன. யாரையாவது கேட்க வேண்டும். ஆனால் கேட்டது போலவும் இருக்கக் கூடாது. ஒரு கரும்புச்சாறு கடையில் நின்று ஒரு கிளாஸ் குடித்தார்.

"தஹ்ரீர்ல இன்னிக்குக் கூட்டம் எப்படி?" என்றார், அங்கே வீடு வைத்திருப்பவர் மாதிரி.

"எப்பவும் போலத்தான் பெரியவரே."

"நீங்க இங்கேருந்து எந்தப் பக்கமாப் போவீங்க? சும்மா கேக்கறேன்."

கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். வலது கையை முழு நீளத்துக்கு நீட்டினார்.

ஃபத்ஹுல்லாவும் வானத்தைப் பார்த்தார்.

"நேரே போங்க. ஒரு மருந்துக்கடை வரும்..."

"அப்புறம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்று ஃபத்ஹுல்லாவே முடித்து வைத்தார்.

இந்த மனிதனுக்கு ஒன்றும் தெரியாது என்று அவருக்குச் சந்தேகமறத் தெரிந்தது. ஆனாலும் கை நீட்டின திசையிலேயே நடந்தார். அவர் கை நீட்டினபோதும் ஜனங்கள் அப்படித்தானே நடந்தார்கள்? மருந்துக்கடையும் வந்தது. அதன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று, அவரை எதிர்த்திசைக்கு அனுப்பினார். அங்கே ஒரு கல்லூரிப் பையன், காதிலிருந்து ஒயரை எடுத்துவிட்டு, ரொம்பப் பணிவாக வேறொரு திசையைக் காட்டினான். இந்தச் சின்ன வயதில் என்ன ஒரு நேர்த்தி என்று ஃபத்ஹுல்லா மெச்சிக்கொண்டார். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அவருக்குப் பாதத்தில் சுட்டது.

கடைசியில் ஒரு சதுக்கம் வந்தது. ஆனால் தூண் இல்லை. நடுவில் உயரமான பீடத்தில் வெண்கலக் குதிரை. அதன்மேல் ஒரு பாஷா உட்கார்ந்து, வலது கையை முழுசாக நீட்டி வழி காட்டிக்கொண்டிருந்தார். செத்து வெண்கலமாகப் போனாலும் எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை.

இது ஒபேரா சதுக்கம். தஹ்ரீருக்கும் இதற்கும் நல்ல நடை தூரம். ஃபத்ஹுல்லா குதிரையின் நிழலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. ஹாஜி.

"உஸ்தா, எங்க இருக்கிய?"

"தஹ்ரீர்லதான் ஹாஜி. தூணுக்கு நேர் கீழ நிக்கறேன். நீங்க?"

"நானும் தூணுக்குக் கீழதான் நிக்கேன். உங்கள எங்க காணோம்?"

ஃபத்ஹுல்லாவுக்கு வியர்த்துவிட்டது. போச்சு. ஹாஜி வந்துவிட்டார். மூத்த மகன் சம்பந்தத்தின் கதிதான் இதற்கும். "கூட்டம் ஜாஸ்தி ஹாஜி. நீங்க தூணுக்கு அந்தப் பக்கமா இருப்பீங்க. அப்படியே நில்லுங்க, நான் சுத்தி வர்றேன்."

"இல்ல, நீங்க நில்லுங்க. நான் சுத்தி வாரேன்."

அப்போது தொலைபேசியில் ஒரு வாத்து கத்தியது.

"அது என்ன சத்தம் ஹாஜி?"

"இங்ஙன சதுக்கத்துல வாத்து விக்கானுவ."

வாத்து மறுபடியும் கத்தியது. இந்தத் தடவை தொலைபேசியிலும் கத்தியது, முதுகுக்குப் பின்னாலும் கத்தியது. ஃபத்ஹுல்லா மெதுவாகத் திரும்பினார். பீடத்தின் மறு பக்கத்தில், வெள்ளைத் தலைப்பாகையும் சாம்பல் அங்கியுமாக ஓர் ஆஜானுபாகு மனிதர். ஒரு கையில் தொலைபேசி. இன்னொரு கையில் ஈச்சமட்டைக் கூடை. கூடைக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வாத்து.

"தூணுக்கு நேர் கீழ..." என்று சொல்லிக்கொண்டே அவரும் திரும்பினார்.

இரண்டு பேரும் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குதிரைக்கு மேல் பாஷா வேறு யாருக்கோ வழி காட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் சுதாரித்தவர் ஹாஜிதான். "உங்கள எதிர்கொண்டு கூட்டிட்டுப் போகலாம்னு இம்புட்டுத் தூரம் வந்தேன்" என்றார்.

"பாருங்களேன், நானும் அதுக்காகத்தான் வந்தேன்!" என்றார் ஃபத்ஹுல்லா.

கட்டித் தழுவிக்கொண்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட வாத்து ஃபத்ஹுல்லாவின் இஸ்திரி போட்ட சட்டையைக் கொத்தியது. பொய் சொன்னதற்கு இவ்வளவு சீக்கிரம் தண்டனை கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"போவோமா?" என்றார் ஹாஜி.

"போவோம்."

நடந்தார்கள். ஹாஜி தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். வழி தெரிந்த மனிதர் என்று ஃபத்ஹுல்லா நிம்மதியாகப் பின்தொடர்ந்தார். ஒவ்வொரு முக்கிலும் ஹாஜி, "இப்படித்தானே?" என்பார். "அப்படித்தான்" என்பார் ஃபத்ஹுல்லா. உள்ளூர்க்காரர் சொல்கிறார் என்று ஹாஜி நம்பினார். குருடனும் குருடனும் கை கோத்துக்கொண்ட கதைதான். விளக்குக் கடைத் தெரு ஒன்று வந்தது, செருப்புக் கடைத் தெரு ஒன்று வந்தது, துணிக் கடைத் தெருவில் ஒரு பொம்மைக்கு ஹாஜி சலாம் சொன்னார். பிறகு ஒரு வெட்டவெளி வந்தது.

"உஸ்தா" என்றார் ஹாஜி, நின்று. "இந்தக் குதிரைய எங்கயோ பாத்தாப்ல இருக்கு."

"கெய்ரோவுல குதிரைச் சிலை நெறைய உண்டு ஹாஜி."

"அது சரி. எல்லாக் குதிரையிலயும் ஒரே ஆளா ஏறி உக்காந்திருக்கான்?"

ஃபத்ஹுல்லாவால் அதற்குமேல் முடியவில்லை. பீடத்தின் விளிம்பில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். ஹாஜி கொஞ்ச நேரம் விறைப்பாக நின்று பார்த்தார். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்து, தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். ரயிலடியிலிருந்து வெளியே வந்த நேரம் முதல் தனக்கு வழி சொன்னவர்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்டினார். கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்ப்பதை அவர் செய்து காட்டியபோது ஃபத்ஹுல்லாவுக்குத் தன்னையே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஹிந்த் கூப்பிட்டாள். "அப்பா, எங்க இருக்கீங்க?"

"தூணுக்குக் கீழம்மா" என்றார், பழக்க தோஷத்தில்.

"தூணுக்குக் கீழ நாங்கதான் நிக்கறோம், ரொம்ப நேரமா. உங்க கண்ணுக்கு எதிர்ல என்ன தெரியுது? உண்மையச் சொல்லுங்க."

"...ஒரு குதிரை."

"ஐயோ. ஒபேராவா? அவங்க அப்பாவ வேற காணோம். கோவிச்சுக்கிட்டு ரயிலேறிட்டாரோ என்னவோ."

"அவரும் இங்கதான் இருக்காரு."

"ரெண்டு பேரும் அங்கயே நில்லுங்க. ஒரு அடி நகரக் கூடாது. முக்தார் வர்றான்" என்றாள்.

முக்தார் ஓடி வந்தான். ஒல்லியான பையன், நெற்றியெல்லாம் வேர்வை. இரண்டு பெரியவர்களையும் பார்த்து முகத்தில் சிரிப்பு வராமல் இருக்க ரொம்பப் பாடுபட்டான். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்த பையன்தான் என்று ஃபத்ஹுல்லா குறித்துக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்டுக் கூட்டிப் போகிற பிள்ளைகள் மாதிரி இருவரும் அவன் பின்னால் போனார்கள். பெண் வீட்டுக்கென்று ஹாஜி கொண்டுவந்திருந்த வாத்துக் கூடையை அவன் வாங்கிக்கொண்டான்.

தஹ்ரீர் சதுக்கத்தின் ஓரத்தில் சாலையைக் கடக்க வேண்டும். கார்கள் நிற்காது. சாகிறவன் சொல்கிற கலிமாவைச் சொல்லிவிட்டுக் காலை எடுத்து வைப்பதுதான் வழி. முக்தார் ஒரு கையால் அப்பாவையும் ஒரு கையால் ஃபத்ஹுல்லாவையும் பிடித்துக்கொண்டான், கூடையை முழங்கையில் மாட்டியபடி. கத்தித் தழும்பும் எண்ணெய்ச் சூட்டுக் காயமுமாக இருந்தது அவன் கை. கடந்து முடிந்த பிறகும் ஃபத்ஹுல்லாவின் கையை அவன் உடனே விடவில்லை.

தொலைக்காட்சியில் பார்த்ததைவிடத் தூண் உயரமாகத்தான் இருந்தது. ஜனங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல் மேடையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஸமீஹா, கணவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மெட்ரோவுல கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துட்டோம்" என்றாள்.

"நாங்க ஊரைச் சுத்திப் பாத்துட்டு வந்தோம்."

"பாத்தாலே தெரியுது. சட்டைய எது கடிச்சுது?"

ஹாஜி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்று, முறைப்படி கேட்டார்: "உஸ்தா ஃபத்ஹுல்லா, என் மகன் முக்தாருக்கு உங்க மகள் ஹிந்தைக் கேட்டு வந்திருக்கேன்."

இவ்வளவு நேரம் சிரித்த சிரிப்பெல்லாம் ஃபத்ஹுல்லாவை விட்டுப் போய்விட்டது. இதற்குத்தானே வந்தது? தாமதம் என்று ஹாஜி முறைத்துக்கொண்டு போயிருந்தால் பழி அவர் மேல் விழுந்திருக்கும், பெண்ணும் வீட்டிலேயே இருந்திருப்பாள். இப்போது சொல்ல வேண்டியவர் இவர்தான். எல்லோரும் இவர் வாயைப் பார்த்தார்கள்.

"தம்பி" என்றார் முக்தாரைப் பார்த்து. "என் பொண்ண அங்க கூட்டிட்டுப் போனா நல்லா வச்சுக்குவியா?"

"மாமா, கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்துவேன்!" என்றான் முக்தார். சொல்லும்போது வலது கையை நீட்டி, முகத்தை வானத்துக்குத் தூக்கினான். "ஒரு குறை வராது. நீங்க யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

இந்தக் கையை அவருக்குத் தெரியும். பையன் பொய் சொல்லவில்லை. மனசாரத்தான் சொல்கிறான். ஆனால் அவனுக்கு என்ன தெரியும்?

ஹாஜி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க ஹாஜி. நீங்க வளத்த பிள்ளை. நல்லா வச்சுக்குவானா?"

ஹாஜி வாயைத் திறந்தார். பதில் தயாராக இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு ஃபத்ஹுல்லாவின் கண்ணைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். கல் மேடையில் மெதுவாக உட்கார்ந்தார்.

"தெரியாது, உஸ்தா" என்றார்.

ஸமீஹா விதை கொறிப்பதை நிறுத்தினாள். முக்தாரின் முகம் செத்துப்போயிற்று.

"இவன் கைய ஓங்க மாட்டான். அது எனக்குத் தெரியும். கோவம் வந்தா வாயத் தொறக்காம மூலையில போய் உக்காந்துக்கிடுவான், ரெண்டு நாளைக்கு. அதுவும் தெரியும். அவன் ஆத்தா அதுக்குப் பட்ட பாடும் தெரியும். மத்தபடி அங்ஙன, கடல் கரையில, இவங்க ரெண்டு பேரும் எப்படி இருப்பாங்கன்னு கேட்டா எனக்குத் தெரியல. தெரியும்னு சொன்னா உங்களுக்குத் துரோகம் பண்ணுனாப்ல ஆயிரும்."

சுற்றிலும் கார்கள் ஒலியெழுப்பிக்கொண்டே வட்டமடித்தன. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரில் நரைத்து, தான் கேட்ட ஒரு கேள்விக்கு இப்படி ஒரு பதில் ஃபத்ஹுல்லாவுக்குக் கிடைத்ததே இல்லை. அவரும் யாருக்கும் கொடுத்ததில்லை. காலையிலிருந்து நடந்த வலி காலில் இருந்தது. ஆனால் இந்த மனிதரை நம்பலாம் என்று தோன்றியது.

மகளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே? அங்க போனா நல்லா இருப்பியா?"

ஹிந்த் முக்தாரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எனக்கும் தெரியாதுப்பா" என்றாள். "ஆனா போய்ப் பாக்கணும்னு இருக்கு."

ஃபத்ஹுல்லா தலையை ஆட்டினார். இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்தார். எல்லோரும் விரித்தார்கள். பிஸ்மில்லா சொல்லி ஃபாத்திஹாவைத் தொடங்கினார். பேச்சுப் பழகின நாளிலிருந்து ஓதுகிற வரிகள்தான். எங்களுக்கு நேரான வழியைக் காட்டுவாயாக என்கிற இடத்துக்கு வந்தபோது நின்றுவிட்டார். எவ்வளவு முயன்றும் மேலே ஓத வரவில்லை. ஹாஜி அப்துர்ராழி அந்த இடத்திலிருந்து எடுத்து, கனத்த குரலில் மீதியை ஓதிக்கொண்டு போனார். ஹிந்த் பக்கத்தில் வந்து நின்று, அப்பாவின் விரித்த கைகளுக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.